நாளைக் காலையில் என்ன செய்வது?

பல நாடுகளில் பணியாற்றும் குழந்தைத் தொண்டு நிறுவனம் ஒன்று, தனக்கென ஓர் அறிவுப் பகிர்வுத் தளத்தை இணையத்தில் அமைக்க முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பதினைந்து மொழிகள் புழங்கும் நிறுவனம். செவிலியர், ஆசிரியர், ஊட்டச்சத்துப் பணியாளர், அகதி முகாமில் குழந்தைகளைக் கவனித்துக்கொள்பவர் என்று பலவகைப்பட்ட மனிதர்கள் அதில் இருக்கிறார்கள். ஓரிடத்தில் கற்றுக்கொண்டதை இன்னோரிடத்தில் முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை என்பதுதான் தளத்தின் பின்னுள்ள எண்ணம். குறை சொல்ல முடியாத எண்ணம்.

ஆனால் இத்தகைய முயற்சிகளின் முதல் கூட்டத்தில் பெரும்பாலும் எழும் கேள்வி, ‘நம்மிடம் இருக்கும் ஆவணங்களை எங்கே சேர்ப்பது, எப்படி வகைப்படுத்துவது?’ என்பது. அந்தக் கேள்வியோடு தொடங்கும் தளம் ஒரு கிடங்காகத்தான் முடியும் என்பது என் தரப்பு. கிடங்கில் எல்லாம் இருக்கும். தேடி வருபவருக்கு வேண்டியது மட்டும் கைக்கு அகப்படாது. இதைக் கணினிக்காரர்களின் சிக்கல் என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். எனக்கோ இது முதன்மையாக மொழியின் சிக்கல் என்று படுகிறது. யார், யாரிடம், எந்த நடையில் சொல்கிறார் என்பதைத் தீர்மானிக்காமல் எந்த மென்பொருளை வாங்கியும் பயனில்லை. இலக்கிய வாசகர்களிடம் இதைப் பேசத் துணிவதும் அதனால்தான்.

*

சொந்த அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்குப் பல வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்றுக்காக, குழந்தைகளோடு பணியாற்றுபவர்களுக்கான கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலை 2005இல் என்னிடம் வந்தது. நூற்றுச் சொச்சம் பக்கங்கள். ‘உளசமூக ஆதரவு’, ‘மீள்திறன்’, ‘பங்கேற்புசார் அணுகுமுறை’ என்றெல்லாம் சொற்களைத் தேடியும் ஆக்கியும், பிழைதிருத்தி, ஓரளவு பெருமிதத்தோடுதான் ஒப்படைத்தேன்.

பின்னர் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். மதிய இடைவேளையில் ஒரு பெண்மணி கையேட்டோடு அருகே வந்தார். மீனவ கிராமம் ஒன்றில் குழந்தைகள் மையத்தை நடத்துபவர். ஐம்பது வயதை நெருங்கியவர்.

“சார், நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. எங்க ஊர்ல ஒரு புள்ள கடல் பக்கமே வரமாட்டேங்குது. அலச் சத்தம் கேட்டாலே காதப் பொத்திக்குது. நாளைக்குக் காலைல நான் போயி என்ன செய்யணும்? அது எந்தப் பக்கத்துல இருக்கு?”

புரட்டிப் பார்த்தேன். மொழிபெயர்த்தவன் நான், எந்தப் பக்கத்திலும் இல்லை என்பது புரட்டாமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அருகில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேறொரு ஊர்ப் பணியாளர்தான் பதில் சொன்னார். “எங்க ஊர்லயும் ஒருத்தன் இருந்தான்க்கா. அவங்க தாத்தா வலை பின்னுற எடத்துல ஒக்கார வச்சோம். தாத்தா தெனம் கொஞ்சம் கொஞ்சமா எடத்த முன்னாடி மாத்திக்கிட்டே போனாரு. ஒரு மாசம் ஆச்சு.” இருவரும் பேசத் தொடங்கினார்கள். எந்த நேரத்தில் அழைத்துப்போனார்கள், கூட யார் இருந்தார்கள், பையன் அழுத அன்று என்ன செய்தார்கள் என்று பேச்சு நீண்டது. பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பயிற்சி நாள் முழுவதிலும் உண்மையில் அறிவு பகிரப்பட்டது அந்தப் பத்து நிமிடத்தில்தான். அதை யாரும் எழுதிவைக்கவில்லை. நூறு பக்கத்துக்குக் கூலி வாங்கிய நானும் எழுதிவைக்கவில்லை.

பல நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பின் தொகுப்பறிக்கை 2006இல் வெளிவந்தது. பாதிக்கப்பட்ட நாடுகளில் உள்ளூர் மக்களிடமும் அமைப்புகளிடமும் இருந்த திறனை வெளியிலிருந்து வந்தவர்கள் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பதை அது வெளிப்படையாகச் சுட்டியது. அதைப் படித்தபோது அந்த மதிய இடைவேளைதான் நினைவுக்கு வந்தது.

*

எழுதப்படுபவற்றின் கதி என்ன? குழந்தைத் தொண்டு நிறுவனங்களைவிடப் பெரிய ஓரிடத்தில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். உலக வங்கியின் ஆய்வாளர்கள் இருவர், தங்கள் நிறுவனத்தின் கொள்கை அறிக்கைகள் எவ்வளவு வாசிக்கப்படுகின்றன என்பதை 2014இல் ஆராய்ந்தனர். 31 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட அறிக்கைகள் ஒரு முறைகூடத் தரவிறக்கப்படவில்லை. ஏறத்தாழ 87 விழுக்காடு எங்கும் மேற்கோள் காட்டப்படவில்லை. ஒவ்வோர் அறிக்கைக்கும் பின்னால் பயணமும் ஆய்வும் மாதக்கணக்கில் உழைப்பும் இருந்திருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

அறிக்கைகள் மோசமாக எழுதப்படுவதால் வாசிக்கப்படவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவை யாருக்கு எழுதப்படுகின்றனவோ அவருக்கு நன்றாகவே எழுதப்படுகின்றன. தொண்டு நிறுவனத்தின் அறிக்கை, நிதி அளித்தவருக்குக் கணக்கு ஒப்புவிக்கும் கடிதம். ‘உங்கள் பணம் இன்னின்ன வழியில் செலவாயிற்று, இத்தனை குழந்தைகள் பயனடைந்தனர்’ என்பதே அதன் சாரம். அது தேவையான கடிதம்தான். பிறர் பணத்தைச் செலவழிப்பவர் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கடிதத்தையே எடுத்து ‘அறிவு’ என்று பெயரிட்டு வலையேற்றும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. கணக்கு ஒப்புவிக்கும் நடையில் தடுமாற்றத்துக்கு இடமில்லை. முதல் மாதம் தாய்மார்கள் வரவில்லை, பிறகு கூட்ட நேரத்தை மாற்றினோம் என்ற செய்தி அதில் ‘சமூக அணிதிரட்டல் வலுப்படுத்தப்பட்டது’ என்றாகிவிடுகிறது. செயப்பாட்டு வினையில் மனிதர்கள் மறைந்துவிடுகிறார்கள். இன்னோர் ஊரில் அதே வேலையைத் தொடங்கப்போகிறவருக்கு வேண்டியிருந்ததோ அந்தக் கூட்ட நேரம்தான்.

தொடக்கத்தில் இந்த நிறுவனங்களின் மொழி இப்படி இருக்கவில்லை. முதல் உலகப் போர் ஓய்ந்த பிறகும் நேச நாடுகளின் முற்றுகை தொடர்ந்ததால் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் குழந்தைகள் பசியால் மெலிந்துகொண்டிருந்தனர். 1919இல் எக்லன்டைன் ஜெப் என்ற பெண்மணி, பட்டினியில் வாடிய ஒரு குழந்தையின் படத்தை அச்சிட்ட துண்டறிக்கையை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்துக் கைதானார். நீதிமன்றம் விதித்த அபராதம் 5 பவுன். அரசுத் தரப்பில் வழக்காடியவரே அந்தத் தொகையை அவரிடம் கொடுத்தார் என்பது வரலாறு. அந்த ஆண்டு மே மாதம் பிறந்ததுதான் ‘சேவ் த சில்ட்ரன்’ அமைப்பு. நான்கு ஆண்டுகள் கழித்து, 1923இல், குழந்தைகளின் உரிமைகளை ஜெப் ஐந்தே கூற்றுகளில் வரைந்தார். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அந்த ஐந்தையும் 1924இல் ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கம் ஏற்றுக்கொண்டது. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கைக்கு 54 உறுப்புகள். சட்டத்துக்கு அந்த விரிவு வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு பள்ளி ஆசிரியரோ தொழிலாளியோ வாசித்து மறுநாள் இன்னொருவரிடம் சொல்ல வேண்டுமென்றால் ஜெப்பின் அந்த ஒரு பக்கம்தான் உதவும்.

*

அறிவு கைமாறுவது எப்படி என்பதற்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த முன்மாதிரி இணையத்துக்கு முந்தையது. வயிற்றுப்போக்கில் நீர் வற்றிச் சாகும் குழந்தையை உப்பும் சர்க்கரையும் கலந்த நீரால் காப்பாற்ற முடியும் என்பதை 1968இல் டாக்காவில் மருத்துவர்கள் நிறுவிவிட்டனர். 1971இல் வங்கப் போரின்போது, எல்லையோரம் இருந்த பன்காவ் அகதி முகாமில் திலீப் மஹலனபிஸ் அதைப் பெருந்திரளான மக்களிடம் செயல்படுத்திக் காட்டினார். மருத்துவ இதழ்களில் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் வங்காளதேசத்துக் கிராமத்துத் தாய்க்குத் தெரியவில்லை.

1980இல் அந்நாட்டின் பிராக் அமைப்பு, பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பத் தொடங்கியது. துண்டறிக்கை கிடையாது. மூன்று விரல்களால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாயே தன் வீட்டுப் பாத்திரத்தில், தன் கையால் கலக்க வேண்டும். நினைவில் வைக்க வேண்டியவை சில குறிப்புகள் மட்டும். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து வேறொருவர் அந்த ஊருக்குப் போய்ச் சில வீடுகளில் மட்டும் விசாரிப்பார்: என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? எங்கே, கலக்கிக் காட்டுங்கள். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்த பணியாளருக்கு ஊதியம். எத்தனை வீடுகளுக்குப் போனார் என்ற கணக்கு போதவில்லை.

அதன் பிறகும் சிக்கல் எழுந்தது. தாய்மார்கள் பாடத்தை ஒப்பித்தார்கள். ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது பலர் அந்தக் கரைசலைக் கொடுக்கவில்லை. காரணத்தைத் தேடினால், சொல்லிக்கொடுத்த பணியாளர்களில் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை; தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத்தான் நாடினார்கள். பணியாளர்களுக்கு அதன் அறிவியலை விளக்கினார்கள். ஊரார் முன்னிலையில் அவர்களே அதைப் பருகிக் காட்டும்படி செய்தார்கள். வீட்டு ஆண்களை விட்டுவிட்டோம் என்று உணர்ந்து அவர்களிடமும் பேசினார்கள். பத்தாண்டுகளில் ஒரு கோடியே இருபது லட்சம் குடும்பங்களுக்கும் மேலாக அந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது.

இதில் ஒரு தளத்தை அமைப்பவருக்கு வேண்டியது எல்லாமே இருக்கிறது. அளவு கருவிகளில் இல்லாமல் தாயின் விரல்களில் இருந்தது. வெற்றியைக் கொடுத்தவர் பக்கத்தில் எண்ணாமல் பெற்றவர் பக்கத்தில் எண்ணினார்கள். தோற்ற இடத்தைச் சிறு குறிப்பாகப் புதைக்காமல் அங்கிருந்தே அடுத்த மாற்றத்தைத் தொடங்கினார்கள்.

*

அறிவு மேலிருந்து கீழே இறங்குவது என்ற எண்ணத்தையே கேள்விக்குள்ளாக்கும் இன்னொரு நிகழ்வு வியட்நாமில் நடந்தது. 1990 டிசம்பரில் ஜெர்ரி ஸ்டெர்னின், மோனிக் ஸ்டெர்னின் என்ற தம்பதியர் சேவ் த சில்ட்ரன் அமைப்பின் சார்பில் ஹனோய் வந்து சேர்ந்தனர். நாட்டின் குழந்தைகளில் பெரும்பாலோர் ஊட்டமின்றி இருந்த காலம். பயனைக் காட்ட அரசு அளித்த கெடு ஆறு மாதம். கையில் பெரிய நிதியும் இல்லை.

தான் ஹோவா மாகாணத்துக் கிராமங்களில் அவர்கள் ஊர்ப் பெண்களைக் கொண்டே குழந்தைகளை எடை போடச் செய்தார்கள். பிறகு ஒரு கேள்வி கேட்டார்கள்: மிக ஏழ்மையான வீடாக இருந்தும் நல்ல எடையோடு இருக்கும் குழந்தை உண்டா? உண்டு என்று பதில் வந்தது. அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்தபோது, தாய்மார்கள் வயலில் கிடைக்கும் சின்னஞ்சிறு இறாலையும் நண்டையும் சர்க்கரைவள்ளிக் கீரையையும் குழந்தையின் சோற்றில் சேர்ப்பது தெரிந்தது. குழந்தைக்கு ஆகாது என்றோ மட்டமானது என்றோ மற்ற வீடுகள் ஒதுக்கிய உணவு அது. ஒரு நாளுக்கு இரண்டு வேளை என்றில்லாமல் சிறுகச் சிறுகப் பல வேளை ஊட்டினார்கள். கையைக் கழுவிவிட்டு ஊட்டினார்கள்.

இதைக் கண்டுபிடித்த பின் செய்ததுதான் முக்கியம். விளக்கக் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை. தாய்மார்கள் ஒன்றுகூடிச் சமைக்கும் ஏற்பாடு. உள்ளே வர ஒரு பிடி இறாலோ நண்டோ கீரையோ கொண்டுவர வேண்டும். வேறு ஊருக்குப் போனபோது இறால் கதையைத் தீர்வாக எடுத்துப்போகவில்லை. அந்தக் கேள்வியைத்தான் எடுத்துப்போனார்கள். அந்தந்த ஊர் தன் விடையைத் தானே தேடிக்கொண்டது.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வருகிறேன். தளத்தில் பகிரப்பட வேண்டியது ‘சிறந்த நடைமுறை’களின் பட்டியல் ஆகாது. வயலற்ற நகரச் சேரியில் இறால் கதைக்கு என்ன பயன்? கேள்வியையும், அந்தக் கேள்விக்கு ஓர் ஊர் எப்படி விடை தேடியது என்பதையும் சொன்னால் அந்தச் சேரியில் வேலை செய்பவருக்கும் அது பயன்படும்.

கீழே தெரிந்தது மேலே ஏறாதபோது என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாட, அதன் சுழற்சியில் நிலத்தடி நீர் மேலேறும் ‘பிளேபம்ப்’ தென்னாப்பிரிக்காவில் உருவானது. விளையாட்டும் ஆயிற்று, தண்ணீரும் ஆயிற்று என்று உலகமே மகிழ்ந்தது. 2010க்குள் 4,000 பம்புகள் நிறுவும் இலக்கோடு 2006இல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆனால் ஊர்களில் குழந்தைகள் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. விளையாட்டைக் கட்டாயமாக்கினால் அது வேலையாகிவிடும். நீர் எடுக்க வந்த பெண்கள், வயதானவர்களும்கூட, கூசிக்கொண்டே அந்த ராட்டினத்தைத் தாங்களே தள்ள வேண்டியிருந்தது. சாதாரணக் கைப்பம்பைவிட அதன் விலை நான்கு மடங்கு என்று வாட்டர்எய்ட் அமைப்பு சுட்டிக்காட்டியது. 2010 வாக்கில் அந்தப் பெருந்திட்டம் கைவிடப்பட்டது. குடத்தோடு போன பெண்ணுக்கு முதல் வாரமே தெரிந்திருக்கும் உண்மை, பணம் கொடுத்தவர்களை எட்டச் சில ஆண்டுகள் ஆயின. அவள் சொல்வதற்கு ஓர் இடம் இருக்கவில்லை.

*

அப்படியானால் தளம் எப்படி இருக்க வேண்டும்? நான் விரும்பும் தளத்தின் முகப்பில் ஆவண வகைகள் இருக்காது, கேள்விகள் இருக்கும். களப்பணியாளர்கள் தங்கள் சொற்களில் கேட்டவை. விடை கிடைக்காத கேள்விதான் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். நிறுவனத்தின் அறியாமை முகப்பிலேயே தெரிவது தலைமையகத்துக்குச் சங்கடமாக இருக்கலாம். அந்தச் சங்கடத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் தளத்துக்குக் கொடுக்கும் விலை.

பதிவு ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். எந்த ஊர், எந்தப் பருவம், யார் செய்தார், எவ்வளவு செலவு, எங்கே பிசகியது, பிறகு என்ன மாற்றினார். பிசகிய இடத்தைச் சொல்லாத பதிவை ஏற்கக் கூடாது என்றுகூடச் சொல்வேன். கனடாவின் ‘எல்லைகளற்ற பொறியாளர்கள்’ அமைப்பு 2008இலிருந்து தன் தோல்விகளைத் தொகுத்து ஆண்டறிக்கையாகவே வெளியிட்டது; அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. பதிவின் கடைசியில் எழுதியவரைத் தொடர்புகொள்ள ஒரு வழியும் இருக்க வேண்டும். தொண்டு நிறுவனங்களில் திட்டம் முடிந்தால் ஆட்கள் போய்விடுகிறார்கள். போகும்போது அடையாள அட்டையையும் மடிக்கணினியையும் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்; அவர் அறிந்ததைக் கேட்டு வாங்கிக்கொள்வதில்லை.

மொழி அடுத்தது. எழுதச் சொன்னால் அறிக்கை நடைக்குத் தாவிவிடுபவர்கள், பேசச் சொன்னால் அற்புதமாகச் சொல்வார்கள். ஆகவே குரலில் பதிவு செய்ய வழி வேண்டும், அதுவும் அவரவர் தாய்மொழியில். ஆங்கிலம் மொழிபெயர்ப்பாக இருக்கட்டும், மூலமாக இருக்க வேண்டாம். இன்று இயந்திர மொழிபெயர்ப்பு ஓரளவு கைகொடுக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஆயிரம் அறிக்கைகளைச் சுருக்கித் தந்துவிடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தரும். ஆனால் அறிக்கையில் இல்லாத தாத்தாவும் வலையும் சுருக்கத்தில் எங்கிருந்து வரும்? ‘சமூக அணிதிரட்டல் வலுப்படுத்தப்பட்டது’ என்ற வாக்கியத்தை எவ்வளவு பிழிந்தாலும் அந்தக் கூட்ட நேரம் வெளியே வராது.

இணையம் என்றவுடன் இணைப்பு எங்கும் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. எஸ்ஓஎஸ் குழந்தைகள் கிராமங்கள் அமைப்பின் பிரிட்டன் கிளை, விக்கிப்பீடியாவிலிருந்து பள்ளி மாணவர்களுக்கு ஏற்ற ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தேர்ந்து 2006 முதல் குறுந்தகடாகவும் பின்னர் பிற வடிவங்களிலும் வெளியிட்டது. இணைப்பே இல்லாத பள்ளிகளை அவை சென்றடைந்தன. தளத்தின் முழு உள்ளடக்கமும் ஒரு செல்பேசியின் நினைவட்டையில் அடங்க வேண்டும், இணைப்பு கிடைக்கும்போது புதுப்பித்துக்கொண்டால் போதும் என்ற ஏற்பாடு முதல் நாளே திட்டத்தில் இருக்க வேண்டும். பின்னால் ஒட்டுப்போட முடியாது.

எல்லாவற்றையும் திறந்துவைக்கச் சொல்கிறேன் என்று யாரும் கொள்ளக் கூடாது. ஒரே ஓர் இடத்தில் கதவு இறுகப் பூட்டியிருக்க வேண்டும். குழந்தையின் பெயர், முகம், அடையாளம் காட்டிவிடும் ஊர் விவரம் ஆகியவை தளத்துக்குள் வரக் கூடாது. குழந்தையின் அந்தரங்கத்தைக் காக்கிறது 1989 உடன்படிக்கையின் 16ஆம் உறுப்பு. காதைப் பொத்திக்கொண்ட அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவராகி, தன் அச்சத்தைத் தன் பெயரோடும் படத்தோடும் இணையத்தில் கண்டால் என்ன நினைப்பார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு, தன்னைப் பற்றிய விஷயங்களில் குழந்தை சொல்வதைக் கேட்கச் சொல்கிறது. குழந்தைகள் மையத்தைக் குறித்துக் குழந்தைகள் என்ன சொன்னார்கள் என்ற பகுதி இல்லாத பதிவு பாதிப் பதிவுதான்.

*

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. மருத்துவம் சார்ந்த விஷயங்களில் ஆளுக்கு ஆள் அனுபவத்தை எழுதினால் ஆபத்தல்லவா? தவறான ஒரு குறிப்பு ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்காதா? நிபுணர்களின் சரிபார்ப்பு இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது என்பவர்களின் அச்சத்தை நான் மதிக்கிறேன். உப்பு கூடிப்போனால் அந்தக் கரைசலே கேடாகும். அதனால்தான் பிராக் அமைப்பினர் தாய்மார்கள் கலக்கிய நீரை எடுத்துப்போய் ஆய்வகத்தில் சோதித்தார்கள். ஆய்வகம் சோதித்தது, ஆனாலும் அளவு விரலிலேயே இருந்தது. சரிபார்ப்பும் எளிமையும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ண வேண்டியதில்லை.

கொலம்பியாவின் பொகோதா நகரில் 1978இல் எட்கர் ரே என்ற மருத்துவர், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தவித்த மருத்துவமனையில், எடை குறைந்து பிறந்த சிசுக்களைத் தாயின் மார்போடு மார்பாக அணைத்துவைக்கும் முறையைத் தொடங்கினார். ‘கங்காரு’ முறை என்று பெயர் பெற்ற அதற்கு உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டி நூல் வெளியிட்டது 2003இல். பிறந்தவுடனே, சிசுவின் உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் அப்படி அணைப்பது மரணத்தைக் குறைக்கிறது என்று இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் பங்கேற்ற ஆய்வு 2021இல் காட்டியது. மறு ஆண்டு அதுவே பரிந்துரையும் ஆயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பயணம். இந்தக் காலம் முழுவதும் ஒரு தளம் என்ன செய்திருக்க வேண்டும்? மௌனமாகவும் இருந்திருக்கக் கூடாது, முடிந்த முடிபு என்று பறைசாற்றியிருக்கவும் கூடாது. ‘ஓர் ஊரில் செய்து பார்த்தது’, ‘பல ஊர்களில் செய்தது’, ‘ஆய்வு உறுதி செய்தது’ என்று ஒவ்வொரு பதிவின் தலையிலும் எளிய சொற்களில் ஒரு வரி இருந்தால் போதும். உயிர் சார்ந்த மருந்தளவு போன்றவற்றை மருத்துவர் பார்த்த பிறகே வெளியிடலாம். வாசிப்பவர் அறிவுள்ளவர், எந்த வரியை எவ்வளவு நம்பலாம் என்பதை நேர்மையாகச் சொன்னால் அதன்படி நடந்துகொள்வார்.

இறுதியாக, தளம் பயன்படுகிறதா என்று எப்படி அறிவது? பதிவுகளின் எண்ணிக்கை, வருகையாளர் எண்ணிக்கை, தரவிறக்க எண்ணிக்கை ஆகியவற்றை ஆண்டறிக்கையில் அச்சிடலாம். நிதி தருபவர் மகிழ்வார். ஆனால் ஒரு மாதம் கழித்து அந்த வங்காளக் கிராமத்துக்குப் போனவரைப் போல, கேள்வி கேட்டவரிடமே திரும்பிப் போக வேண்டும். விடை கிடைத்ததா? செய்து பார்த்தீர்களா? குழந்தை எப்படி இருக்கிறது? இந்த மூன்றையும் கேட்க ஓர் ஆளை நியமிக்காத நிறுவனம், தளத்துக்காகச் செலவழிக்கும் பணத்தை நேராகக் குழந்தைகளின் உணவுக்கே கொடுத்துவிடலாம்.

என் அலமாரியில் அந்தக் கையேடு இன்னும் இருக்கிறது. நல்ல தாள், நல்ல அச்சு. அன்று மதியம் இரு பெண்கள் பேசிக்கொண்டதை எழுதியிருந்தால் ஒரு பக்கம்கூட வந்திருக்காது. அதே பேரலையில் சிதைந்த அச்சே கடற்கரையிலும் அந்நாளில் குழந்தைகள் இருந்தார்கள். காதைப் பொத்திக்கொள்ளும் ஒரு சிறுவன் முன், நாளைக் காலையில் என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயும் யாரேனும் நின்றிருப்பார். அவருக்கு அந்த ஒரு பக்கம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.